பத்தரை மணி கிக்-ஆஃப்

1. ரெஃப்ரியும் இரண்டு நாய்களும்

காலை பத்தரை மணி. ரெஃப்ரி செல்லத்துரை சார் விசிலை வாயில் வைத்தபடி மைதானத்தின் நடுவில் நின்றார். சுண்ணாம்புக் கோடு பளிச்சென்று இருந்தது. கோல் போஸ்ட்டில் புது வலை. மேசையில் ஸ்கோர் ஷீட், ஸ்டாப் வாட்ச், ஐஸ் பெட்டி எல்லாம் தயார். ஆட வேண்டிய இரண்டு டீம்களைத்தான் காணவில்லை. டச் லைன் ஓரத்தில் இரண்டு நாய்கள் படுத்திருந்தன. பார்வையாளர்கள் என்று சொன்னால் அவைதான்.

"பதினஞ்சு நிமிஷம் பாப்பேன். பெறகு வாக்-ஓவர் எழுதீருவேன்," என்றார் சார். சட்டப் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூங்குகிற மனிதர் அவர். சொன்னால் செய்துவிடுவார்.

ஃபிக்ஸர் என்கிற ஆட்ட அட்டவணையைப் போட்ட என் மாணவன் ஷிபு மூச்சு வாங்க என்னிடம் ஓடி வந்தான். "மிஸ், எல்லா டீமுக்கும் ஃபிக்ஸர் குடுத்தேன் மிஸ். சர்ச் போர்டுலயும் ஒட்டினேன். எதுக்கு வரல்லன்னு அறிஞ்சூடா மிஸ்." அறிஞ்சூடா என்றால் அவன் ஊர்ப் பேச்சில் தெரியாது என்று அர்த்தம்.

தார்ப்பாய் நிழலில், அவனோடு டோர்ணமென்ட் நடத்த வந்த மாணவி மெர்லின் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. எங்கள் பக்கத்தை ஏறிட்டுப் பார்க்காமல் அத்தனை அக்கறையாக எலுமிச்சம்பழம் நறுக்குகிற ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

முதல் ஆட்டத்துக்கு யாரும் வரவில்லை. இரண்டாவது ஆட்டத்துக்கும் வரவில்லை. நாக்-அவுட் போட்டி என்பதால் இரண்டு பக்கமும் வராத ஆட்டத்தில் இரண்டு டீமும் வெளியே. உச்சி வெயில் ஏறுவதற்குள் எட்டு டீம்களில் நான்கு பந்தைத் தொடாமலே தோற்றுப்போய்விட்டன. விளையாட்டுத் துறையில் எத்தனையோ வருடம் குப்பை கொட்டியவள் நான். இப்படி ஒரு டோர்ணமென்ட்டை அன்றுதான் பார்த்தேன்.

2. சோறு செக்ஷன்

இது நடந்தது 2011-இல். அப்போது எங்கள் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் டிப்ளமோ ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஃபிசிக்கல் டைரக்டராக இருந்த என் தலையில் இன்டர்ன்ஷிப்பைக் கட்டினார்கள். அதுவரை இன்டர்ன்ஷிப் என்றால் என்ன தெரியுமா? ஏதாவது கிளப்புக்குப் பிள்ளைகளை அனுப்புவோம். அவர்கள் அங்கே ஜெர்சி மூட்டை தூக்குவார்கள், பந்து பொறுக்குவார்கள், சீஃப் கெஸ்ட்டுக்கு டீ வாங்கிக் கொடுப்பார்கள். கடைசி நாள் ஒரு போட்டோ, ஒரு சர்டிபிகேட். டீ வாங்குவதற்கு டிப்ளமோ எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அதனால் அந்த வருடம் ஒரு முழு டோர்ணமென்ட்டையே பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கடற்கரையில் ஒரு பங்கில், அதாவது ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட ஊரில், திருவிழாவுக்கு முன் வருடாவருடம் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஃபுட்பால் நடக்கும். பங்கை அன்பியம் அன்பியமாகப் பிரித்திருப்பார்கள். சுமார் முப்பது குடும்பம் சேர்ந்தது ஓர் அன்பியம். ஒவ்வோர் அன்பியத்துக்கும் ஒரு டீம். கொடியேற்றத்துக்கு முன் ஃபைனல் முடிந்தாக வேண்டும், ஏனென்றால் அதன் பிறகு மைதானம் முழுக்கக் கடை போட்டுவிடுவார்கள். நடத்திக்கொண்டிருந்த பையன் கல்ஃபுக்குப் போய்விட்டான் என்று பங்கிலிருந்து ஆள் தேடினார்கள். நான் இரண்டு பிள்ளைகளை அனுப்பினேன்.

ஒருவன் ஷிபு. அருமனைக்காரன். வீட்டில் ரப்பர். வாலிபால் பைத்தியம், வாய் நிற்காது. இன்னொருத்தி மெர்லின். அதே பங்கில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அப்பா கிறிஸ்பின், வள்ளமும் கரமடி வலையும் வைத்திருந்தார். அந்தோணியார் அன்பியம் டீமுக்கு மேனேஜரும் அவர்தான்.

மெர்லினுக்கு இந்த டோர்ணமென்ட் வெறும் இன்டர்ன்ஷிப் அல்ல. கிறிஸ்பின் அதற்கு முன்பே நர்சிங் காலேஜில் ஒரு சீட்டுக்குச் சொல்லி வைத்திருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கரையில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் வெளிநாட்டில் இருந்தாள். நான் பேசப் போனபோது அவர் நேராகவே கேட்டார்.

"ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்டுன்னா என்ன மிஸ்? பந்து பெறக்குத வேலயா?"

"இல்லண்ணே. பந்து பெறக்குத ஆளுக்கும் சோறு போட்டு, ஆட்டத்த ஒழுங்கா நடத்துத வேல."

"செரி. இந்த டோர்ணமென்ட்ட எனக்க மவ எப்படி நடத்துதான்னு பாக்கேன். நல்லா நடந்தா ஒங்க படிப்பு. இல்லன்னா நர்சிங்."

இப்படிக் கத்தி தலைக்கு மேல் தொங்கும்போது இரண்டு பேரும் கைகோத்து வேலை செய்வார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? முதல் நாளே சண்டை. மைக் யாருக்கு என்று. இரண்டு பேருக்கும் அனவுன்ஸ்மென்ட் வேண்டும். பேசித் தீராமல், ஃபிக்ஸர் உனக்கு, சோறும் கெஸ்ட்டும் எனக்கு என்று வேலையைப் பாகம் பிரித்துக்கொண்டு, பேச்சையும் நிறுத்திவிட்டார்கள்.

ஷிபு தன் ஊர்க் கணக்கில் ஃபிக்ஸர் போட்டான். ரப்பர் தோட்டத்தில் விடிவதற்கு முன் மரத்தைக் கீறிப் பால் வெட்டப் போவார்கள். பாலை எடுத்து, உறைய வைத்துவிட்டு வந்தால் பத்து மணிக்கு ஆண்கள் சும்மாதான் இருப்பார்கள். அருமனைப் பக்கம் வாலிபால் டோர்ணமென்ட் பத்தரைக்கு ஆரம்பித்தால் கூட்டம் அள்ளும். அவன் கடற்கரையிலும் பத்தரை என்றே போட்டான். அந்த நேரத்தில்தான் வள்ளங்கள் கரைக்கு வரும், மீன் ஏலம் நடக்கும், வலை அலசுவார்கள். ஊரே கடற்கரையில் நிற்கும்.

"ஏட்டி, நீ இந்த ஊருதானே? ஒனக்குத் தெரியாதா?" என்று மெர்லினைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன்.

"சொன்னேன் மிஸ். 'ஒனக்க சோறு செக்ஷன நீ பாரு'ன்னான். பாத்தேன்," என்றாள் நறுக்கிய எலுமிச்சம்பழத்தைக் காட்டி.

3. கடலில் கிடந்தவர்களைத் தோற்கடித்தது

மத்தியானம் செய்தி பரவிவிட்டது. நான்கு டீம்களும் மொத்தமாக வந்தார்கள். குளிக்கக்கூட இல்லை. முன்னால் கிறிஸ்பின்.

"நாங்க கடல்ல கெடந்தப்போ நீங்க இஞ்ச இருந்து எங்கள தோக்கடிச்சியளா?"

செல்லத்துரை சார் சட்டப் புத்தகத்தை எடுத்தார். "விதி அப்படித்தான் இருக்கு."

"அந்த விதிய எழுதினவன எனக்க வள்ளத்துல ஏறச் சொல்லும். பெறகு பேசுவோம்."

கூட்டம் சிரித்தது, ஆனால் கோபம் தணியவில்லை. ஷிபு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அவன் என்னைவிட ஒரு முழம் உயரம் என்பதால் அதில் பலனில்லை. மெர்லின் மட்டும் அப்பாவின் முன்னால் போய் நின்றாள். அவர் அவளிடம் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பாத்தாச்சு மக்கா. அடுத்த வாரம் நர்சிங்குல சேந்துக்கோ," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அழவில்லை. நேராக ஷிபுவிடம் வந்தாள். "ஏலே, நாளைக்கு வெடிஞ்ச ஒடனே கரைக்கு வா. ஒனக்கு எங்க ஊரு எப்ப தூங்கும், எப்ப முழிக்கும்னு காட்டித் தாறேன். பெறகு ஃபிக்ஸர் போடு."

"ஒனக்க சோறு செக்ஷன்?"

"அதையும் சேந்து பாப்போம். வாயப் பொத்திட்டு வா."

4. மேனேஜர் சார் இருக்கியளா?

மறுநாள் ஏலக்கரையில் ஷிபுவைப் பார்க்க வேண்டுமே! பளபளவென்று ஷூ போட்டு வந்தவன் முதல் அலையிலேயே அதைப் பறிகொடுத்தான். ஏலம் கூறுகிறவரிடம் போய், "அண்ணே, பிரேக் எப்ப?" என்று கேட்டிருக்கிறான். ஒரு அக்கா அவன் கையில் மீன் கூடையைக் கொடுத்து, "இத ஆட்டோல வச்சிட்டு வா. அதான் பிரேக்கு," என்றாராம்.

ஆனால் பையன் கெட்டிக்காரன். ஏலம் முடிந்ததும் சாப்பாடு, அப்புறம் தூக்கம், மூன்று மணிக்கு மேல் வலை தைப்பு, நாலரைக்குப் பந்து என்று ஊரின் நாள் முழுவதையும் பிடித்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதால் சனிக்கிழமை சாயங்காலம்தான் எல்லாருக்கும் வசதி என்பதையும் கண்டுபிடித்தான். இதை எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்க மாட்டார்கள்.

நேரம் சரியாயிற்று. வெளியேறிய நான்கு டீம்களை என்ன செய்வது? எழுதிய ரிசல்ட்டை மாற்ற மாட்டேன் என்று செல்லத்துரை சார் ஒற்றைக் காலில் நின்றார். வழியைக் கண்டுபிடித்தவள் மெர்லின்.

"சார், ரிசல்ட்ட மாத்த வேண்டாம். நாக்-அவுட்ட லீக்கா மாத்துவோம். வராத டீமுக்கு அந்த ஆட்டத்துல பாயின்ட் இல்ல, அவ்வளவுதான். மிச்ச ஆட்டம் ஆடலாம்லா? மொத ரெண்டு எடத்துல வாற டீமுக்கு ஃபைனல்."

சார் வெகுநேரம் புத்தகத்தைப் புரட்டினார். "எட்டு மேனேஜரும் கையெழுத்துப் போட்டா எனக்கு ஆட்சேபனை இல்ல," என்றார். நான் அந்தப் பிள்ளையை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டேன். நாங்கள் கிளாசில் லீக், நாக்-அவுட் என்று கரும்பலகையில் கட்டம் கட்டிக் காட்டியபோது அவள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவள்தான்.

அந்தச் சூட்டோடு புது விதி ஒன்றையும் இருவரும் சேர்த்து எழுதினார்கள். கடல் காரணமாக எந்த ஆட்டத்தையும் தள்ளி வைக்க ஆர்கனைசருக்கு அதிகாரம் உண்டு. "கடல் காரணமா? மழை காரணம் கேட்டிருக்கேன், கலவரம் காரணம் கேட்டிருக்கேன்," என்று முனகிக்கொண்டே சார் அதையும் ஒத்துக்கொண்டார்.

அன்று ஆட்டம் இல்லாததால் வாக்-ஓவரில் தப்பிய மற்ற நான்கு டீம்களும் முதலில் முறைத்தன. பாதி டீம் வெளியே போனால் அவர்களுக்கு லாபம்தானே. மெர்லின் சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தவர்களை வழிமறித்துக் கேட்டாள்.

"கப்ப வாங்கீட்டு வீட்டுல போயி யார தோக்கடிச்சோம்னு சொல்லுவிய? கிரவுண்டுல படுத்துக் கெடந்த ரெண்டு நாயையா?"

கையெழுத்துகள் விழுந்தன. கடைசியாக ஒரே ஒரு மேனேஜர் பாக்கி. என்னையும் ஷிபுவையும் கூட்டிக்கொண்டு அவள் தன் வீட்டு வாசலில் போய் நின்று கதவைத் தட்டினாள்.

"மேனேஜர் சார் இருக்கியளா?"

கிறிஸ்பின் வெளியே வந்து பார்த்தார். "ஏட்டி, ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிற்றா? உள்ள வா."

"இல்ல சார். டோர்ணமென்ட் கமிட்டில இருந்து வாறோம்."

உள்ளே அவள் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. மகள் மட்டும் முகத்தை மாற்றாமல் புது ஃபிக்ஸரைப் படித்துக் காட்டினாள். அவர் குறுக்கே குறுக்கே கேட்டார். தூங்கும் நேரம் போகாதா? வலை ஏற்றும் வேலை கெடாதா? எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

"இந்தக் கணக்க மொதல்லயே பாத்திருக்கக் கூடாதா?"

"இவ சொன்னா மாமா. நான்தான் கேக்கல்ல," என்றான் ஷிபு. பொதுவாக யாரும் கேட்காமல் உண்மை சொல்கிற பையன் அல்ல அவன்.

கிறிஸ்பின் கையெழுத்துப் போட்டார். "ஃபைனல் முடியட்டும். நர்சிங் அப்படியேதான் இருக்கு," என்று சொல்லி எங்களுக்குக் காப்பி போடச் சொன்னார்.

5. காரணம்: சாளை

அதற்குப் பிறகு ஆட்டங்கள் களைகட்டின. நாலரைக்கு விசில் என்றால் நாலு மணிக்கே மதில் மேல் இடம் இருக்காது. கிறிஸ்பினுடைய டீம் முட்டி மோதி ஃபைனலுக்கு வந்துவிட்டது. எனக்குத்தான் ஒரே கவலை. தோற்றால் அந்தக் கோபத்தில் நர்சிங் என்று சொல்லிவிடுவாரே!

ஃபைனல் சனிக்கிழமை. வெள்ளைச் சட்டையில் சீஃப் கெஸ்ட்டாக ஒரு வங்கி மேலாளர் வந்து உட்கார்ந்திருந்தார். டீம்கள் பந்தைத் தட்டிப் பழகிக்கொண்டிருந்தபோது கரையிலிருந்து ஒரே கூக்குரல். கிறிஸ்பினின் கரமடியில் சாளை, அதாவது மத்தி மீன், கூட்டமாகப் பட்டுவிட்டது. கரமடி என்பது கரையில் நின்று இரண்டு கயிறுகளைப் பிடித்து இழுக்கிற பெரிய வலை. இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வயதானவர்கள். பாரம் தாங்காமல் கயிறு கையை விட்டு நழுவியது.

கண் மூடித் திறப்பதற்குள் இரண்டு டீமும் மைதானத்தில் இல்லை. செல்லத்துரை சார் பழக்க தோஷத்தில் வாட்சைப் பார்த்தார்.

அப்போது கிறிஸ்பின் மூச்சிரைக்க மேசைக்கு ஓடி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. ரெஃப்ரியையும் பார்க்கவில்லை. மெர்லின் முன்னால் நின்றார்.

"ஆர்கனைசர் மேடம், ஒரு அரைமணி நேரம் தருவியளா?"

சத்தியமாகச் சொல்கிறேன், என் கண் நிறைந்துவிட்டது. மெர்லின் ஒரு நொடிதான் அப்பாவைப் பார்த்தாள். பிறகு மைக் பக்கம் திரும்பி ஷிபுவுக்குத் தலையசைத்தாள். அவன் அறிவித்தான்.

"ஃபைனல் அரைமணி நேரம் தள்ளி வச்சிருக்கு. காரணம் சாளை. எல்லாரும் கரைக்கு வாங்க!"

கூட்டம் மொத்தமும் கரைக்கு ஓடியது. ஒரு கயிற்றில் ஒரு டீம், மறு கயிற்றில் மறு டீம். வங்கி மேலாளர் சட்டைக் கையை மடக்கிவிட்டு நடுவில் போய்ப் பிடித்தார். ஷிபு விடுவானா? மைக் வயரை இழுத்துக்கொண்டு மதில் மேல் ஏறி நின்று கமென்ட்ரி ஆரம்பித்துவிட்டான். "கெழக்கு கயிறு முன்னேறுது... மேற்கு கயிறு விட்டுக் குடுக்கல்ல... இதா பாருங்க, கெழக்கு லீடிங்!"

ரோஷம் வந்து இரண்டு டீமும் போட்டி போட்டு இழுத்தார்கள். கரையிலிருந்து ஒரு தாத்தா அலறினார். "ஏலே, அந்த மைக்க அணைலே! வலை கோணுது! ரெண்டும் ஒப்பம் வரணும்லே!"

ஒரு பக்கம் முந்தினால் வலை சரிந்து மீன் வெளியே போய்விடும். அருமனைப் பையனுக்கு அது எப்படித் தெரியும்? முகம் வெளுத்துப்போனான். ஆனால் அடுத்து அவன் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். மதிலிலிருந்து குதித்து, எந்த மைக்குக்காக நாள்கணக்கில் பேசாமல் இருந்தானோ அதை மெர்லின் கையில் வைத்தான்.

"நீ பேசு. எனக்கு இது அறிஞ்சூடா."

அவள் மேற்கே ஒரு பார்வை, கிழக்கே ஒரு பார்வை. "மேற்கு பைய... கெழக்கு நில்லு... ரெண்டும் சேந்து, இழு!" அவள் குரலுக்கு இரண்டு கயிறும் ஒரே அளவாக வந்தன. ஷிபு மேற்குக் கயிற்றின் வாலில் போய்த் தொங்கினான். வலை கரை ஏறியபோது வெள்ளியாக மின்னியது. ஊரே கத்தியது. நானும் கத்தினேன், தொண்டை கட்டிக்கொள்ளும் அளவுக்கு.

காலில் செதிலோடுதான் ஃபைனல் ஆடினார்கள். பந்தில் சாளை வாசம். இருட்டுவதற்குச் சற்று முன் செல்லத்துரை சார் கடைசி விசில் ஊதினார். கிறிஸ்பினுடைய டீம் ஒரு கோலில் தோற்றது. ரிப்போர்ட்டில் தாமதத்துக்கான காரணம் என்ற இடத்தில் சார் நிறுத்தி நிதானமாக 'சாளை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதை எட்டிப் பார்த்தேன்.

6. இப்போது இன்டர்ன்ஷிப் பார்க்கிறவர்களுக்கு

நான் ஓய்வு பெற்ற பிறகு இளைய ஆசிரியர்கள் சிலர் கேட்டார்கள், இன்டர்ன்ஷிப்பை எப்படி நடத்துவது என்று. நான் சொல்வது இதுதான். பிள்ளைகளிடம் வேலையை முழுசாகக் கொடுங்கள். ஊரோடு, வெயிலோடு, கோபப்படுகிற மேனேஜரோடு சேர்த்துக் கொடுங்கள். ஃபிக்ஸர் ஒருவனுக்கு, சோறு இன்னொருத்திக்கு என்று கூறு போட்டுவிட்டால் இரண்டு பேருமே எதுவும் கற்க மாட்டார்கள். கோடு போட்டவன் ஏலக்கரைக்கும் போகட்டும். எலுமிச்சம்பழம் நறுக்கியவள் ரெஃப்ரியிடமும் வாதாடட்டும். ஆட்டம் என்பது கோட்டுக்கு உள்ளே நடப்பது மட்டும் அல்ல. அவர்கள் தப்புச் செய்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்திலேயே நில்லுங்கள். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஷிபு இப்போது அருமனைப் பக்கம் வாலிபால் டோர்ணமென்ட்டுகள் நடத்துகிறான். எல்லாம் பத்தரை மணிக்குத்தான். அங்கே அதுதான் சரியான நேரம்.

பரிசளிப்பைச் சொல்லாமல் முடித்தால் மெர்லின் என்னைச் சும்மா விட மாட்டாள். அன்று அவள்தான் மைக்கில் பெயர் வாசித்தாள். "ரன்னர்ஸ் கப். அந்தோணியார் அன்பியம். மேனேஜர் திரு. கிறிஸ்பின்." அப்பா என்று சொல்லவில்லை. அவர் ஈர லுங்கியோடு மேடை ஏறி, வங்கி மேலாளரிடம் கப்பை வாங்கினார். அந்த மேலாளரும் தலை முதல் கால் வரை நனைந்துதான் இருந்தார். கிறிஸ்பின் இறங்கப் போனவர் திரும்பி வந்து மகள் கையிலிருந்த மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"எனக்க டீமு தோத்துட்டு. அது சாரமில்ல, போட்டும். அடுத்த வருஷமும் இந்த ஆர்கனைசர் மேடம்தான் டோர்ணமென்ட் நடத்தணும். நர்சிங்குல சேந்தா இதுக்கு லீவு தரமாட்டாங்க. அதனால அங்க போக வேண்டாம்."

ஊர் கைதட்டியது. மைக்கைத் திரும்ப வாங்கிய மெர்லின் அடுத்த பெயரை வாசிக்காமல் அதை ஷிபுவிடம் நீட்டினாள். ஷிபு பக்கத்தில் வந்து மைக்கை வாங்கி, வின்னர்ஸ் கப்புக்கு டீமை அழைத்தான்.